கண்ணாடி போட்ட பக்கம்

உக்காருங்க டீச்சர். அந்தச் சேர் வேண்டாம், அது எங்க வீட்டம்மா எப்சி உக்காருதது. இதுல உக்காருங்க, ஃபேன் காத்து இங்கயும் வரும். டெம்போக்காரன் போன்ல என்ன சொன்னான்? வாகைக்குளத்துக்கிட்ட டயர் பஞ்சரா? அப்போ ஒரு மணி நேரம்னு வச்சுக்கிடுங்க. ஸ்டெப்னி இருக்கும்பான், பாத்தா இருக்காது. ரயில்வேல முப்பத்தொரு வருஷம் கார்டா இருந்தவன் சொல்லுதேன், ரோட்டுல வார வண்டி சொன்ன நேரத்துக்கு வந்ததாச் சரித்திரம் கெடையாது.

எப்சி பின்னால துணி காயப் போடுதா. நீங்க வந்தது தெரியும். காப்பி போட்டுட்டுதான் வருவா.

அவ வாரதுக்குள்ள உங்ககிட்ட ஒரு உபகாரம் கேக்கணும். அந்தா இருக்கு பாருங்க பியானோ, பச்சைத் துணி போட்டு மூடியிருக்கு. அத வெளியத் தூக்குததுக்கு முன்னால, "அம்மா, ஒரு தடவை வாசிச்சுக் காட்டுங்க"ன்னு நீங்க அவகிட்ட கேக்கணும். நான் கேட்டா வாசிக்க மாட்டா. மூணு வருஷமாக் கேக்கேன். அரிசி களையணும்பா, இல்லன்னா துணி மடிக்கணும்பா. நீங்க சபையில பியானோ வாசிக்கவங்க, நோட்டு தெரிஞ்சவங்க. நீங்க கேட்டா ஒருவேளை உக்காருவா. உக்காந்து ஒரு தடவை வாசிச்சுட்டான்னா, குடுக்க மனசு வராம இருந்தாலும் இருக்கும். உங்களுக்குத்தான் வெறுங்கையோட போற மாதிரி ஆயிரும். மன்னிச்சிக்கிடுங்க, மனசுல உள்ளதச் சொல்லிட்டேன்.

எனக்கு அது போகக் கூடாது டீச்சர். அவ வாசிக்கணும்.

பியானோவ எடுத்துக்கிடுங்கன்னு உங்க சபைக்கு அவ எழுதின லெட்டரே எனக்குத் தெரியாது. நீங்க போன் பண்ணப்புறம்தான் தெரியும். நல்ல எழுத்துல தெளிவா எழுதியிருக்கா. பியானோ, அதோட ஸ்டூல், இடது பக்கம் போடுத சின்ன நாற்காலி. அந்த நாற்காலி என்னுது. ஞாபக மறதியில அதையும் சேத்து எழுதிட்டா போல.

நான் இருபத்தொம்பது வருஷம் அதுல உக்காந்திருக்கேன். உங்களுக்குத் தெரியாததா, வாசிக்கவங்களுக்கு ரெண்டு கையும் வேலையா இருக்கும். தாளைத் திருப்ப ஒரு ஆளு வேணும். இடது பக்கம் உக்காரணும், நேரம் வரும்போது எந்திரிக்கணும், மேல் மூலையப் பிடிச்சு சத்தம் வராமத் திருப்பணும், திரும்ப உக்காரணும். இருமக் கூடாது. கைக்குட்டைய எடுக்கக் கூடாது. எனக்கு நோட்டு தெரியாது. அவ தலையாட்டுவா, நான் திருப்புவேன். தலையாட்ட முடியாத எடத்துல செகண்டு எண்ணுவேன். ஒரு தடவைகூடத் தப்பினதில்ல. ஹாலந்துல ஒரு பேப்பர்ல எழுதினான், "பக்கம் திருப்பியவர் சிலை போல் இருந்தார்"னு. எப்சியே தமிழ்ல சொன்னா. அந்தத் துண்ட இன்னும் வச்சிருக்கேன். அவளைப் பத்தியும் எழுதியிருந்தான், நாலு வரி.

அவள நான் பொண்ணு பாக்கப் போனது எம்பத்தாறுல. இதே பாளையங்கோட்டைதான், ரெண்டு தெரு தள்ளி. வீட்டுல எல்லாரும் பஜ்ஜி தின்னுட்டு இருக்காங்க, இவ என்கிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேட்டா. "உங்க வாட்ச் செகண்டு காட்டுமா?" ரயில்வேல குடுத்த வாட்ச், காட்டாம இருக்குமா? காட்டும்னேன். சரின்னுட்டா. நான் ரொம்பப் பெருமையா வீட்டுக்கு வந்தேன். அப்புறம்தான் தெரியுது, ஜெர்மனியில ரெண்டு வருஷம் படிச்சுட்டு வந்த பொண்ணு, வாசிக்கதெல்லாம் செகண்டுக் கணக்குல இருக்க பாட்டு.

பாட்டுன்னு நான் சொல்லுதேன். நீங்க நினைக்க மாதிரி இருக்காது. கீர்த்தனை கெடையாது, ஞானப்பாட்டு கெடையாது, எப்பவோ செத்துப் போன வெள்ளக்காரங்க பாட்டும் கெடையாது. இப்போ இருக்கவங்க எழுதுதது. தாளைப் பாத்தா கரண்டு ஆபீஸ்காரன் போட்ட பிளான் மாதிரி இருக்கும். வட்டம், கோடு, அம்புக்குறி. ஒரு பாட்டுக்கு கம்பிக்கு நடுவுல போல்ட்டும் ரப்பரும் சொருகி வைக்கணும். போல்ட்டு நான்தான் கொண்டு வந்தேன். கடையில வாங்கினது, ரயில்வே சொத்து இல்ல. இன்னொரு பாட்டுல பியானோ மூடிய மெதுவாத் தட்டிட்டு ஒரு நிமிஷம் சும்மா உக்காந்திருக்கணும். அதுக்கு ஆறு மாசம் பிராக்டிஸ் பண்ணினா. சும்மா உக்காருததுக்கு என்னத்துக்குளா பிராக்டிஸ்னு கேட்டேன். நல்லா சும்மா உக்காரணும்லான்னா.

ஊர்ல சிரிச்சாங்க. சிரிக்காம என்ன செய்வாங்க. ஒரு கிறிஸ்மஸுக்கு சபையில ரொம்ப வருந்திக் கூப்பிட்டாங்கன்னு போனா. யாரோ டென்மார்க்காரன் அந்த வருஷம் எழுதினதாம், அத வாசிச்சா. பாதியில கமிட்டி மெம்பர் ஒருத்தரு எந்திரிச்சு வந்து குனிஞ்சு பியானோவுக்கு அடியில பாக்காரு, எலி ஏதும் கடிச்சிட்டோன்னு. எனக்கு முகத்த எங்க வைக்கன்னு தெரியல. அவ வாசிச்சு முடிச்சுட்டுத்தான் எந்திரிச்சா. அதுக்கப்புறம் கூப்பிடல.

மெட்ராஸ்ல பதினாலு பேரு வருவாங்க. ஒரு தடவை ஒம்பது, அதுல ரெண்டு பேரு ஏசிக்கு வந்தவங்க. வெளிநாட்டுல முந்நூறு, நானூறு. வருஷத்துக்கு ரெண்டு தடவை கூப்பிடுவான். ஜெர்மனி, ஹாலந்து, ஜப்பான். நானும் லீவு போட்டுட்டுப் போவேன். அங்க அவளைப் பாத்தா வேற ஆளா இருப்பா. நின்னு பேசுவா, சிரிப்பா. எழுதினவனே முன் வரிசையில உக்காந்திருப்பான், முடிஞ்சதும் ஓடி வந்து ரெண்டு கையையும் பிடிச்சுக்கிடுவான். எனக்கு அது அவ்வளவாப் பிடிக்காது. ஆனா ஒண்ணும் சொன்னதில்ல.

அவளுக்கு ஒரு சட்டம் உண்டு டீச்சர். உயிரோட இருக்கவங்க எழுதினதுதான் வாசிப்பா. எழுதினவரு செத்துட்டாருன்னு சேதி வந்தா, அன்னிக்கே அவரு நோட்டையெல்லாம் எடுத்து, நாடா போட்டுக் கட்டி, தேதி எழுதி, மாடிப்படிக்கு அடியில இருக்க இரும்புப் பெட்டியில வச்சிருவா. அப்புறம் தொட மாட்டா. எத்தனை வருஷம் உழைச்ச பாட்டா இருந்தாலும் சரி. கல்லறைத் தோட்டத்துல எடம் இருக்கான்னு நான் கேலி பண்ணுவேன். என்னளா இது, உனக்குப் பேரு வாங்கிக் குடுத்த பாட்டுல்லா, இதைப் போயி உள்ள வைக்கேன்னு கேட்டா, "செத்தவங்க பாட்ட வாசிக்க உலகம் பூராவும் ஆளு இருக்கு. செத்தவங்கள எப்படியும் வாசிக்கலாம், ஏன் இப்படின்னு கேக்க ஆளில்ல. இவங்கன்னா நாளைக்குப் போன் பண்ணி, அந்த எடம் தப்பு, மாத்துன்னு சொல்லுவாங்க. அது எனக்கு வேணும்"பா.

உள்ளதுதான். போன் வந்துக்கிட்டேதான் இருக்கும். கச்சேரிக்கு முந்தின நாள்கூட மாத்துவாங்க. இந்த எடத்துல மெதுவா, அந்தச் சத்தம் வேண்டாம், இதை ரெண்டு தடவை. அவ பிராக்டிஸ்ல இருக்கும்போது போனை எடுக்க மாட்டா. நான்தான் எடுக்கணும். அதுக்கு ஒரு நோட்டு போட்டேன். நேரம், யாரு, எங்கயிருந்து, என்ன சொன்னாங்க, எல்லாம் எழுதி வைப்பேன். எங்க டிப்பார்ட்மெண்டுல அது பழக்கம். எங்கயாவது தண்டவாளத்துல வேலை நடந்தா, இன்ன எடத்துல இருபது கிலோமீட்டர் வேகத்துலதான் போகணும்னு ஸ்டேஷன்ல ஒரு சீட்டு குடுப்பாங்க. டிரைவருக்கு ஒண்ணு, கார்டுக்கு ஒண்ணு. வாசிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடணும். அதை வாங்கி மடிச்சுப் பையில வச்சுட்டு சும்மா இருந்தா என்ன ஆகும்? வண்டி கவுந்திரும். அந்த விஷயத்துல நான் கெட்டி. என் சர்வீஸ்ல ஒரு மெமோ கெடையாது.

நேசராஜான்னு ஒருத்தரு. யாழ்ப்பாணத்துக்காரரு, நம்மாளுதான், சபைக்காரரு. எழுபத்தொம்பதுலயோ என்னமோ நார்வேக்குப் போயிட்டாரு. எங்க ரெண்டு பேருக்கும் மூத்தவரு. எப்சிக்குன்னு அவரு ஒரு பாட்டு எழுதினாரு, பத்தொம்பது நிமிஷம். அதுக்கு மட்டும் ரெண்டு வருஷம் ஆச்சு. ஒவ்வொரு பக்கமா வரும், ஒவ்வொரு பக்கமா மாத்துவாரு. இவ வாசிச்சு அனுப்புவா, அவரு கேட்டுட்டுப் போன் பண்ணுவாரு. தமிழ்ல பேசிக்கிடுவாங்க. ஆஸ்பத்திரியில பிறந்த புள்ளையப் பத்திப் பேசுத மாதிரி, நேத்து எப்படி இருந்துது, இன்னிக்கு எப்படி இருக்குன்னு. எங்களுக்குப் புள்ள இல்ல. அது வேற விஷயம்.

பத்தொம்பது நிமிஷத்துல பதினேழு நிமிஷம் எனக்கு ஒண்ணும் விளங்காது. கட்டையில தட்டுத மாதிரி ஒரு சத்தம், அப்புறம் ஒண்ணுமில்ல, அப்புறம் ஒண்ணு. கடைசிக்கு முந்தின பக்கம் முடியுத எடத்துல நாப்பது செகண்டு நிறுத்தம். அவ கைய மடியில வச்சுக்கிடுவா. நான் எண்ணணும். நாப்பது ஆனதும் எந்திரிச்சுத் திருப்பணும். கடைசிப் பக்கம் தனித் தாள். அந்தப் பக்கம் மட்டும், டீச்சர், பாட்டு. நிஜமான பாட்டு. கீர்த்தனை மாதிரி, தாலாட்டு மாதிரி. இருபத்தொம்பது வருஷத்துல நான் முணுமுணுத்த ஒரே பக்கம் அதுதான். அவ பிராக்டிஸ் பண்ணும்போது அந்தப் பக்கம் வரட்டும்னு நான் ஹால்ல பேப்பர் படிச்சுட்டே காத்திருப்பேன்.

அந்தப் பாட்டுக்கு முதல் கச்சேரி மெட்ராஸ்ல. அவரே வாரதா இருந்தாரு. ஒரு மாசத்துக்கு முன்னால ஆஸ்பத்திரியில சேத்துட்டாங்க. கச்சேரிக்குப் பன்னெண்டு நாள் இருக்கும்போது போன் வந்துது. காலையில பத்து நாப்பது. எப்சி உள்ள வாசிச்சுட்டு இருந்தா. நான் எடுத்தேன். குரலே கேக்கல, மூச்சுதான் கேக்கு.

"ஐயா, தங்கச்சியக் குழப்ப வேண்டாம், வாசிக்கட்டும். ஒரு விஷயம் மட்டும் சொல்லிவிடுங்கோ. அந்தக் கடைசிப் பக்கம் வேண்டாம். சனத்துக்குப் பிடிக்காமல் போயிடும் எண்டு பயந்து எழுதினனான். முந்தின பக்கத்தோடை முடியுது. அந்த நிறுத்தம், அதோடை சரி. விளங்குதோ?"

விளங்குதுன்னேன். நோட்டுல எழுதினேன். 10.40, ஆஸ்லோ, நேசராஜா, கடைசிப் பக்கம் வேண்டாம்.

அவ மத்தியானம் சாப்பிட வரும்போது சொல்லத்தான் நினைச்சேன். அன்னிக்கு அவ நல்லா இருந்தா. மீன் குழம்புக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கிட்டா. "இன்னிக்குத்தான் கடைசிப் பக்கம் கைக்கு வந்திருக்கு"ன்னா. சரி, ராத்திரி சொல்லுவோம்னு விட்டேன். ராத்திரியும் சொல்லல. எனக்கு ஒண்ணு தோணிச்சு. ஆஸ்பத்திரியில கெடக்க மனுஷன், மருந்து மயக்கத்துல என்னமோ சொல்லுதாரு. நாளைக்கே போன் பண்ணி, இருக்கட்டும்பாரு. ரெண்டு வருஷம் மாத்தி மாத்தித்தானே எழுதினாரு. அப்புறம் இன்னொண்ணும் தோணிச்சு, உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு. அந்த ஒரு பக்கமும் போச்சுன்னா, மெட்ராஸ்காரன் பதினாலு பேரும் பழையபடி வாட்ச்சப் பாத்துட்டுப் போயிருவான். என் பொண்டாட்டி வயசு அறுபத்துமூணு. ஒரு நாளாவது ஊர்ல ஆளு கை தட்டட்டுமே.

மூணாம் நாள் அவரு இறந்துட்டாரு.

சேதி கேட்டு எப்சி அழல. பெட்டியில வைக்கப் போறான்னு நினைச்சேன். பாட்டு நோட்டை மடியில வச்சு ஒவ்வொரு பக்கமாத் திருப்பிப் பாத்தா. அப்புறம் சொன்னா, "ஒரு தடவை வாசிச்சிருதேன். ஒரே தடவை. அவரு எப்படி வேணும்னு நினைச்சாரோ அப்படியே, ஒரு நோட்டு கூடக் குறையாம. அதுக்கப்புறம் பெட்டியில வச்சிரலாம்." முப்பது வருஷத்துல அந்தச் சட்டத்த அவ மீறினது அந்த ஒரு தடவைதான். அப்போ போயி நான் எப்படிச் சொல்ல? சொன்னா மனசு ஒடஞ்சிரும்லா. கேட்டுத் தெளிவு பண்ணிக்கிட அவரும் இல்ல.

கச்சேரி அன்னிக்கு அறுபது, எழுபது பேரு. நான் சின்ன நாற்காலியில உக்காந்திருக்கேன். பதினேழு நிமிஷம் ஆச்சு. அவ கைய மடியில வச்சுட்டா. நான் எண்ணுதேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. ஹால்ல ஒரு சத்தம் இல்ல. இருபது ஆகும்போது அவரு மூச்சு எனக்குக் கேட்ட மாதிரி இருந்துது. முப்பதுல நினைச்சேன், நான் இப்போ எந்திரிக்காட்டா இதோட முடிஞ்சிரும். எவனுக்கும் தெரியாது, அவரு சொன்னபடியும் ஆயிரும். ஆனா டீச்சர், நாப்பது ஆனா திருப்பணும்னு எனக்குக் குடுத்த வேலை. நான் ஒரு தடவைகூடத் தப்பினவன் இல்ல.

நாப்பதுல எந்திரிச்சேன். திருப்பிட்டேன்.

நீங்க அன்னிக்கு இருந்திருக்கணும். பொம்பளைங்க அழுதாங்க. முடிஞ்சதும் எல்லாரும் எந்திரிச்சு நின்னு கை தட்டுதாங்க. எப்சி எத்தனை தடவை வணங்கினாலும் கைத்தட்டு நிக்கல. பேப்பர்ல கூட எழுதினான், அந்தக் கடைசிப் பக்கத்துக்காகவே மீதிய எல்லாம் பொறுத்துக்கிடலாம்னு. முப்பது வருஷத்துல கெடைக்காத கைத்தட்டு. ரயில்ல வரும்போது அவ ஜன்னலப் பாத்து சிரிச்சுக்கிட்டே வந்தா. "அவருக்குப் பிடிச்சிருக்கும்"னா. ஆமான்னேன்.

ஒரு வாரம் கழிச்சு நேசராஜா மக போன் பண்ணினா, டிலானின்னு பேரு. ரெக்கார்டிங்கப் போட்டுக் கேட்டாளாம், அப்பா வேண்டாம்னு சொன்ன பக்கம் ஏன் அதுல இருக்குன்னு. ரொம்ப மரியாதையான பொண்ணு. அன்னிக்குன்னு பாத்து எப்சி போனை எடுத்துட்டா. நான் மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். வந்து பாத்தா பேசிட்டு இருக்கா. "இல்லம்மா, அப்பா அப்படிச் சொல்லல. சொல்லியிருந்தா நான் அந்தப் பக்கத்தத் தொட்டிருக்கவே மாட்டேன். எங்க வீட்ல ஒரு சேதி வந்தா, அது எனக்கு வராம இருக்காது"ன்னு சொல்லுதா. என்னை நினைச்சுத்தான் சொல்லுதா, பாத்துக்கிடுங்க. அவ்வளவு நம்பிக்கை. போனை வச்சுட்டு, நான் போன் சேதி எழுதுத நோட்டை எடுத்துப் பாத்தா.

அதுல இருந்துது. நான் எழுதினதுதான். மறைக்கணும்னு நினைச்சா எழுதி வைப்பேனா டீச்சர்? நீங்களே சொல்லுங்க. கிழிச்சுப் போட எவ்வளவு நேரம் ஆகும்? பன்னெண்டு நாளும் அந்த நோட்டு போனுக்குப் பக்கத்துலதான் கெடந்துது. அவ ஒரு தடவை திருப்பிப் பாத்திருந்தா முடிஞ்சது. இதையெல்லாம் அவகிட்டயும் சொன்னேன்.

அவ சண்டை போடல. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. "அந்த நாப்பது செகண்டுல உங்களுக்கு இது ஞாபகம் இருந்துதா?"

இருந்துதுன்னேன். நான் பொய் சொல்லுத ஆளு கெடையாது.

சரின்னா. போயி உலை வச்சா. அன்னிக்கு என்ன குழம்புன்னு கூட எனக்கு ஞாபகம் இருக்கு, புளிக்குழம்பு. ரெண்டு பேரும் சாப்பிட்டோம். அவ அழுதிருந்தா நல்லா இருந்திருக்கும். ரெண்டு வார்த்தை ஏசியிருந்தா நல்லா இருந்திருக்கும். மறுநாள் பச்சைத் துணியப் போட்டு மூடினா. வெளிநாட்டுல இருந்து கூப்பிட்டவங்களுக்கெல்லாம் விரல்ல வாதம்னு எழுதிட்டா. வாதம்தான் இருக்கும். வயசாகுதுல்லா. அவரு போன துக்கமும் உண்டு. நான் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேம்னா வர மாட்டேங்கா.

பேசாம இருக்கான்னு நினைக்காதீங்க. பேசுவா. பால் வந்துட்டா, கரண்டு பில்லு வந்துட்டான்னு கேப்பா. எனக்குக் காய்ச்சல் வந்தப்போ ராத்திரி பூரா முழிச்சிருந்து பாத்தா. நாங்க ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்கோம். சில நாள் சாயங்காலம் நான் அந்தச் சின்ன நாற்காலியில போய் உக்காருவேன். ஒண்ணும் தோணாது. மரத்துப் போன காலு மாதிரி, இருக்கு, ஆனா இல்ல. விளக்கு வச்சதும் எந்திரிச்சு வந்துருவேன்.

கோவம் இல்லன்னு எனக்கு எப்படித் தெரியும்னா, அந்தா பாருங்க செவத்துல. கண்ணாடி போட்டு மாட்டியிருக்கேம்லா. அதுதான் அந்தக் கடைசிப் பக்கம். அவரு கையெழுத்து. பெட்டியில வைக்கும்போது அந்த ஒரு தாளை மட்டும் உருவி அவளே எங்கிட்ட குடுத்தா. "உங்களுக்குப் பிடிச்ச பக்கம்லா, நீங்களே வச்சுக்கிடுங்க"ன்னா. இருபத்தொம்பது வருஷத்துல அவ எனக்குன்னு குடுத்தது அதுதான். மறுநாளே கொண்டு போயி தேக்குச் சட்டம் போட்டுட்டு வந்துட்டேன். அவ உக்காருத எடத்துக்கு நேரா மாட்டினேன், எந்நேரமும் கண்ணுல படட்டும்னு. அப்புறம் அவதான் சேரைத் திருப்பிப் போட்டுக்கிட்டா. இந்தப் பக்கம்தான் காத்து வருதாம்.

போன வாரம் மதுரையில இருந்து ஆள வரவழைச்சு சுருதி பாக்கச் சொன்னா. அவளே பக்கத்துல நின்னு ஒவ்வொரு கம்பியாப் பாத்தா. உங்க சபைக்குக் குடுக்கத நல்லாக் குடுக்கணும்னு நினைக்கா. அப்படிப்பட்ட மனுஷி.

இந்தா வாரா. காப்பியக் கையில வாங்குங்க டீச்சர். எப்சி, டீச்சர் உங்கிட்ட என்னமோ கேக்கணுமாம். கேளுங்க டீச்சர்.

சரின்னுட்டா. பாத்தீங்களா? நான் சொன்னேம்லா, நீங்க கேட்டா செய்வா. இரு எப்சி, துணிய நான் எடுக்கேன். எடுத்துட்டாளா, சரி. நாற்காலிய நான் போட்டுக்கிடுதேன். நோட்டு எங்க? பெட்டியில இருந்து எடுத்துட்டு வரட்டுமா? வேண்டாமாம் டீச்சர். நோட்டு வேண்டாங்கா.

ஆரம்பிச்சுட்டா. இது அவரு பாட்டு. நேசராஜாவுது. இதை எப்படி வாசிக்கா? ஒரு தடவைதான்னு சொன்னவ. அந்த ஒரு தடவைதான் முடிஞ்சிட்டே. அதுவும் நோட்டே இல்லாம. அவ்வளவும் மனப்பாடமா இருந்திருக்கா. எப்பவுமே இருந்துதா? அப்போ நான் எதுக்கு திருப்பிட்டு இருந்தேன்.

காப்பி ஆறுது, குடிங்க. மெதுவாக் குடிங்க, கப்பு சத்தம் கேக்கக் கூடாது.

விரல்ல வாதம் இருக்க மாதிரித் தெரியல. பதினாறு நிமிஷம் ஆயிட்டு, இது கடைசிக்கு முந்தின பக்கம். இந்தக் கட்டை தட்டுத சத்தம் வந்துட்டுன்னா முடியப் போகுதுன்னு அர்த்தம். அந்தா, கைய மடியில வச்சுட்டா. நாப்பது செகண்டு. நான் எண்ணுதேன். கடைசிப் பக்கம் அவளுக்கு வேணும்லா, செவத்துல இருந்து கழட்டிட்டு வாரேன். கண்ணாடியோட வச்சாலும் தெரியும். பதினெட்டு, பத்தொம்பது. ஆணி இறுகியிருக்கு. இருபத்தாறு. வந்துட்டு. முப்பத்தெட்டு, முப்பத்தொம்பது. நாப்பது. எப்சி, இந்தா.

எப்சி.

மூடிட்டா. ஏன் மூடுதா? "சுருதி நல்லா நிக்குது டீச்சர். மழைக்காலத்துல மட்டும் துணி போட்டு மூடி வைங்க, எடுத்துக்கிடுங்க"ன்னு உங்ககிட்டல்லா சொல்லிட்டுப் போறா. முகத்தப் பாத்தீங்களா? மூணு வருஷத்துல அவ முகம் இப்படி இருந்து நான் பாக்கல. ஆனா பாட்டு முடியல டீச்சர். இன்னும் ஒரு பக்கம் இருக்கு. அவ மறந்துட்டா. நோட்டு வச்சு வாசிச்சிருந்தா மறந்திருக்க மாட்டா. நீங்க நோட்டு தெரிஞ்சவங்கதானே, இந்தாங்க, இதை நீங்களாவது ஒரு தடவை. ரெண்டு நிமிஷம்தான். திருப்ப வேண்டியது கூட இல்ல.

வேண்டாமா. சரி.

வாசல்ல ஹாரன் சத்தம் கேக்கு. டெம்போ வந்துட்டு போல. ஒரு மணி நேரம்னு சொன்னேன், அதுக்குள்ள வந்துட்டானே. இந்தச் சட்டத்தக் கொஞ்சம் பிடிங்க டீச்சர், கண்ணாடி, பாத்துப் பிடிங்க. ஆளுங்க பியானோவத் தூக்கட்டும். சின்ன நாற்காலிய அவங்க தொட வேண்டாம், அதை நானே கொண்டு வந்து வண்டியில வைக்கேன்.